ரிமோட்டுக்குத் தெரியாத சூடு

"கூலிங் பத்தல." சென்னையில் ஏசி மெக்கானிக்கைத் தேடி வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடும். பங்குனியில் ஆரம்பிக்கும், கத்திரி கழிந்த பிறகும் சில வாரங்களுக்கு ஓயாது. அதைத் தொடர்ந்து வரும் வாக்கியமும் அநேகமாக மாறுவதில்லை: "கேஸ் போயிருக்கும்னு நினைக்கிறேன், வந்து ஃபில் பண்ணிடுங்க."

மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்குக்கு இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டாலே பொறுக்காது. கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கேயாவது கசிந்தால் ஒழியக் குறையாது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரிக்கும். கழிவுநீர்க் கால்வாய் ஓரத்து வீடுகளில் அங்கிருந்து எழும் வாயு செம்பைக் கறுக்க வைத்து ஓட்டை போடும். அங்கெல்லாம் கேஸ் குறைவது உண்மை. அப்போதும் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றினால் அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும். ஆனால் அவர் போய்ப் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் கேஸ் சரியாகவே இருக்கிறது. மெஷினும் சரியாகவே ஓடுகிறது. ரிமோட்டில் 18 என்று இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வியர்க்கிறது.

இது ஏன் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் தன் தொழில் என்று அவர் நினைக்கிறார். அதனால் கேஜ், கிளாம்ப் மீட்டர், ஸ்பேனர் செட்டோடு வேறு இரண்டு கருவிகளும் அவர் பையில் இருக்கும். ஒன்று, அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர். மற்றொன்று, சுவரையோ கூரையையோ நோக்கிப் பிடித்தால் அதன் சூட்டைச் சொல்லும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். இரண்டும் விலை அதிகமில்லாதவை. ஏசி வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் முதலாவது கருவியாவது இருக்க வேண்டும் என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஐடிஐயில் குளிர்பதனப் பிரிவு முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வீடுகளில் இருந்தவை விண்டோ ஏசிகள். அவற்றுக்கு ரிமோட் கிடையாது, டிகிரி கிடையாது. முன்பக்கம் ஒரு திருகு, அதைச் சுற்றி ஒன்றிலிருந்து ஏழோ எட்டோ வரை எண்கள். திருகுக்குப் பின்னால் இருந்த தெர்மோஸ்டாட்டிலிருந்து மயிரிழைபோல் மெல்லிய ஒரு குழாய் புறப்பட்டு, காயிலுக்கு முன்னால், அறைக் காற்று உள்ளே நுழையும் இடத்தில் போய் முடியும். குழாய்க்குள் அடைத்திருக்கும் வாயு சூட்டில் விரிந்து ஒரு தகட்டைத் தள்ளும். கான்டாக்ட் சேர்ந்து கம்ப்ரசர் ஓடும். குளிர்ந்ததும் வாயு சுருங்கும், கான்டாக்ட் பிரியும், கம்ப்ரசர் நிற்கும். மின்னணு எதுவுமே இல்லாத இந்த ஏற்பாடு பல வீடுகளில் இருபது வருடம் ஓடியிருக்கிறது.

தொழிலின் முதல் பாடம் அந்தக் குழாயில்தான் கிடைத்தது. அசோக் நகரில் ஒரு வீட்டில் ஏசி ஓடிய சில நிமிடத்திலேயே கம்ப்ரசர் நின்றுவிடுகிறது, அறை குளிரவே இல்லை என்று புகார். முன்பு வந்தவர்கள் இரண்டு முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். அவருடைய மேஸ்திரி முன்பக்க கிரில்லைக் கழற்றினார், குழாயின் நுனியை ஒரு விரலால் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார், க்ளிப்பில் மாட்டினார், கிளம்பினார். நுனி க்ளிப்பிலிருந்து நழுவி, குளிர்ந்த காயிலின் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறது. அறையில் அனல் அடித்தாலும் தெர்மோஸ்டாட் உணர்ந்ததெல்லாம் காயிலின் குளிர். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள சூடு மட்டும்தான் அதற்குத் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவரின் சூடு தெரியாது. அன்று தொடங்கி எந்த வீட்டுக்குப் போனாலும் ஏசி எந்தக் காற்றை அளக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்.

தெர்மோஸ்டாட் பிறந்தது குளிர்நாட்டில். விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், வகுப்பறைகளின் கணப்புச் சூட்டைச் சீராக வைப்பதற்காக மின்சாரத்தில் இயங்கும் அறை தெர்மோஸ்டாட் ஒன்றைச் செய்து 1883-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் இன்றும் அது உட்சுவரில், ஆள் உயரத்தில், வெயிலும் வாசல் காற்றும் படாத இடத்தில் தனியாக மாட்டியிருக்கும். மனிதர் நடமாடும் உயரத்துக் காற்றை அது அளக்கிறது. நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில் அப்படி இல்லை. ஏழடிக்கும் மேலே இருக்கிற இன்டோர் யூனிட்டுக்குள்ளேயே, ஃபில்டருக்குப் பின்னால், மிளகளவு சென்சார் ஒன்று க்ளிப்பில் தொங்குகிறது. நம் ரிமோட்டில் தெரியும் எண் நாம் கேட்ட எண்தானே தவிர அறையின் எண் அல்ல. சில கம்பெனிகள் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சென்சார் வைத்து, ரிமோட் இருக்கும் இடத்துக் காற்றை அளக்கும் வசதி தருகின்றன. ரிமோட்டில் அதற்கான பட்டனைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. அதை அழுத்திவிட்டு ரிமோட்டைக் கட்டில் தலைமாட்டில் வைக்கச் சொல்வது அவர் வழக்கம்.

சென்சார் உயரத்தில் இருப்பதால் வரும் தொல்லை இரண்டு விதம். சூடான காற்று மேலே தங்கும் என்பதால், கீழே குளிர்ந்த பிறகும் மேலே இருக்கும் சென்சார் இன்னும் சூடு என்று கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டிருக்கும். படுத்திருப்பவர் நடுங்குவார். இதற்கு நேரெதிர்க் கதை லாஃப்ட் இருக்கும் வீடுகளில் நடக்கிறது. யூனிட்டுக்கு ஓரடி முன்னால் லாஃப்ட் சுவரோ, பீரோவின் மேல்தட்டோ, கனமான திரையோ இருந்தால் வெளியே வந்த குளிர்காற்று அதில் மோதித் திரும்பி, அப்படியே யூனிட்டின் தலைமேல் இருக்கும் வாய்க்குள் போய்விடும். சென்சார் அறை குளிர்ந்துவிட்டதாக நினைக்கும். கம்ப்ரசர் நிற்கும். கட்டில் பக்கம் 30 டிகிரி இருக்கும். வீட்டுக்காரர் 24-லிருந்து 20-க்கு, 20-லிருந்து 16-க்கு இறக்குவார். வேளச்சேரியில் இப்படி ஒரு வீட்டில் இரண்டு டன் ஏசி வாங்கவே முடிவு செய்துவிட்டார்கள். அவர் பழைய யூனிட்டைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். அதே ஒன்றரை டன் மெஷின் போதுமானதாகிவிட்டது.

டன் என்று சொல்லும்போது பலர் அதை மெஷினின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பனிக்கட்டிக் கணக்கு. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி: மணிக்கு 12,000 பிடியு, அல்லது 3.5 கிலோவாட். இந்த ஊருக்கு அந்தக் கணக்கு அந்நியமல்ல. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் மதராஸுக்கு அனுப்ப, அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஒன்றரை டன் ஏசி வைத்திருக்கும் வீடு, முழு வேகத்தில் ஓட்டினால், ஒரு நாளைக்கு 1,360 கிலோ பனிக்கட்டி செய்கிற வேலையை வாங்குகிறது. அவ்வளவு குளிர்ச்சி ஒரு சின்ன படுக்கையறைக்குள் எங்கே போகிறது என்று அவர் வீட்டுக்காரர்களைக் கேட்பார். பதிலுக்குக் கையோடு அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார்.

அதற்கு முன்னால், 16 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் கம்ப்ரசருக்குத் தெரிந்தது ஓடுவதும் நிற்பதும் மட்டுமே. 16 வைத்தாலும் 25 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். அறை 25-ஐத் தொட எடுக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றே. 16 வைத்தவருக்கு அது 25-இல் நிற்காது என்பதுதான் வித்தியாசம். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் கூடிக் குறையும். கேட்ட எண்ணுக்கும் அறைக்கும் இடைவெளி அதிகமானால் அது வேகமாக ஓடும், ஆகவே கொஞ்சம் விரைவாகக் குளிரும், மின்சாரமும் கூடவே ஏறும். இலக்கை நெருங்கிய பின் மெதுவாக ஓடும்போதுதான் இன்வெர்ட்டர் மிச்சம் பிடிக்கிறது. சென்னை வெயிலில் 16-ஐ அது தொடப்போவதே இல்லை. இரவெல்லாம் துரத்திக்கொண்டே இருக்கும். அதிக விலை கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டர் சாதா ஏசியாகிவிடும்.

2018 ஜூனில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் ஏசியை 24 முதல் 26 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி வலியுறுத்தியது. 2020 ஜனவரி 1 முதல், ஸ்டார் குறியுள்ள எல்லா ரூம் ஏசிகளும் இயக்கியவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகமான பிஇஇ சொல்லும் கணக்கு. இதை அவர் சதவீதமாகச் சொல்லமாட்டார். ஈபி பில்லாகச் சொல்வார். பழைய ஒன்றரை டன் சாதா ஏசியின் கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு 1.7 யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். ராத்திரி எட்டு மணி நேரத்தில் அது ஐந்து மணி நேரம் ஓடினால் 8.5 யூனிட். அறுபது நாளைக்கு 510 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், ஃபிரிட்ஜும் மிக்ஸியும் சேராமலே அந்த வீடு 500-ஐத் தாண்டிவிட்டது.

500 என்பது வெறும் எண் அல்ல என்பதைப் பல குடும்பங்கள் பில் வந்த பிறகே உணர்கின்றன. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குத் தலா 2.25 ரூபாயாக இருந்தது. 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுகளுக்கும் 4.50 ஆனது. அதாவது 501-ஆவது யூனிட் தன் விலையோடு 225 ரூபாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. மேலே சொன்ன வீட்டில் 22-இல் வைத்திருந்த ஏசியை 26-க்கு ஏற்றினால் நூறு யூனிட்டுக்குக் குறையாமல் மிச்சமாகும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. இதைத் தாளில் எழுதிக் காட்டும்போதுதான் ரிமோட் கைமாறுகிறது.

26-இல் தூங்க முடியுமா? ஃபேன் இல்லாமல் முடியாது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொள்வார். ஏசி ஓடும்போது ஃபேன் போடக் கூடாது என்று யாரோ எப்போதோ சொன்னதை இன்னும் பலர் கடைப்பிடிக்கிறார்கள். கதவு, ஜன்னல் இடுக்குகள் சரியாக அடைத்திருந்தால் ஃபேன் போடுவதில் ஒரு தவறும் இல்லை. தோலின் மேல் காற்று நகர்ந்தால் வியர்வை உலர்கிறது. இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தாலும் உடம்பு பொருட்படுத்தாது. சாதா ஃபேன் 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். பிஎல்டிசி ஃபேன் என்றால் அதில் பாதிகூட இல்லை. அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டு, வெளியே வெப்பம் கூடக் கூட மக்களுக்கு இதமாகத் தோன்றும் உள்வெப்பமும் கூடுகிறது என்று கண்டார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு வகுத்த எண் நமக்குப் பொருந்த வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊர் மனிதர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

இருந்தும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது பிழை என்பதை ஐப்பசி மழை வந்ததும் பார்க்கலாம். வெளியே 27 டிகிரிதான். ஆனால் தலையணை உறை பிசுபிசுக்கும். ஏசியை 26-இல் வைத்தால் சீக்கிரமே இலக்கைத் தொட்டு கம்ப்ரசர் நிற்கும், உள்ளே இருக்கும் ஃபேன் மட்டும் ஓடும். காயிலின் மேல் படிந்திருந்த நீர், ட்ரெயின் பைப்பில் இறங்குவதற்குள் அந்தக் காற்றில் ஆவியாகி அறைக்கே திரும்பும். தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பம்தான் கணக்கு. ஈரம் அதன் கணக்கில் இல்லை. அந்த நாட்களில் மக்கள் 20-க்கு இறக்குவது குளிர் வேண்டி அல்ல, ஈரம் போக வேண்டி. ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட ட்ரை மோட் இதற்காகவே இருக்கிறது. அதில் காற்று மெதுவாகப் போகும், காயில் அதிக ஈரத்தைப் பிழியும். தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை வருடம் முழுக்க உண்டு. மெஷின் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை வெளியேற்ற அவகாசமே இராது. நூறு சதுர அடி அறைக்கு இரண்டு டன் கேட்டு வருகிறவர்களை அவர் விற்பனையை இழந்தாவது திருப்பி அனுப்புகிறார்.

அவர் மிகவும் கவலைப்படுவது கூரையைப் பற்றி. மேல்மாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஏசி ஓடி, மீட்டரில் 26 காட்டும். இன்ஃப்ராரெட் கருவியைக் கூரையை நோக்கிப் பிடித்தால் 36, 37 என்று வரும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்லாக, நள்ளிரவு தாண்டியும் கீழே அனலைக் கக்குகிறது. அந்த அனல் காற்றைச் சூடாக்குவதற்கு முன்பே படுத்திருப்பவரின் தோலில் நேராக வந்து விழுகிறது. காற்று 26 என்றாலும் உடம்பு அதை 29, 30 போல உணர்கிறது. சென்சாருக்கு இது தெரியாது. அதனால் மனிதர் எண்ணை இறக்குகிறார், காற்றை மேலும் குளிர்வித்துக் கூரையின் அனலை ஈடுகட்டப் பார்க்கிறார். மேற்குச் சுவரும் கண்ணாடி ஜன்னலும் இதே வேலையைச் சாயங்காலம் செய்கின்றன.

இதற்கு அவர் சொல்லும் மருந்து: மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ், அல்லது வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயின்ட், அதற்கும் வசதி இல்லையென்றால் வருடா வருடம் சுண்ணாம்பு. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ ஷேட் நெட்டோ நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை வெளியேற்றாது. இந்த வேலைகளைச் செய்த வீடுகளில் அவர் எதுவும் சொல்லாமலே எண் 22-இலிருந்து 25-க்கும் 26-க்கும் ஏறியிருக்கிறது. மேல்மாடி வாடிக்கையாளர்களுக்கு அவர் கொடுக்கும் முதல் கொட்டேஷன் பெரும்பாலும் பெயின்ட் கடை முகவரிதான்.

ராத்திரி நேரத்துக்கு ஒரு சின்ன விஷயம். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு உடம்பின் சூடு இயல்பாகவே இறங்கும். வெளியிலும் அப்போதுதான் குளிர்ச்சி. படுக்கும்போது இதமாக இருந்த 24 அப்போது நடுக்கும். எழுந்து அணைத்துவிட்டுப் படுத்தால் ஆறு மணிக்குப் புழுக்கத்தில் விழிப்பு வரும். ஸ்லீப் மோட் மணிக்கு ஒரு டிகிரியாக இரண்டு மூன்று டிகிரி ஏற்றிக்கொடுக்கும். கணவருக்கு வியர்வை, மனைவிக்கு நடுக்கம் என்று ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும் வீடுகளில், காற்று நேராக யார் மேல் விழுகிறது என்று பார்த்துக் கட்டிலை நகர்த்தச் சொல்கிறார். ஃப்ளாப்பை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறார், குளிர்காற்று தானாகக் கீழே இறங்கிக்கொள்ளும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுவதைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக்கூடச் செய்து காட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வீடு ஓடும் ஏசிகளின் கணக்கு மாநிலத்தின் கணக்கிலும் சேர்கிறது: 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2025 ஜூனில் ஒன்றிய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசிகளை 20 முதல் 28 டிகிரிக்குள் மட்டுமே வைக்க முடியும்படி விதி கொண்டுவரப்போவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். 20-க்குக் கீழே வீட்டில் யாருக்கும் தேவையில்லை என்பது அவர் கருத்து. ஆனால் கான்கிரீட் கூரையின் கீழ் வாடகைக்கு இருக்கிறவருக்கு 20 கூடப் போதாது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

வாடகைதாரர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் உயரும். கூரை வீட்டுக்காரருடையது, பில் குடியிருப்பவருடையது. வெள்ளையடிக்கும் செலவு ஒருவருக்கு, அதனால் வரும் மிச்சம் இன்னொருவருக்கு. பல வீடுகளில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக வாங்குவதால் முதல் 100 யூனிட் இலவசமும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. ஜாஃபர்கான்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓர் இளம் தம்பதி போன சித்திரையில் கைக்குழந்தையோடு 18-இல் ஏசி வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தார்கள். "அண்ணே, ஓனர் பெயின்ட் அடிக்க ஒத்துக்கமாட்டாரு" என்றார் அந்தப் பையன். மெக்கானிக் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தினார், வெளியே ஷேட் நெட் கட்டினார், ஃபேனோடு 25 வைத்துக் கொடுத்தார். கூரை மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் இன்ஃப்ராரெட் கருவியை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரை மேலே அழைத்துப் போய் எண்ணைக் காட்டினார். வீட்டுக்காரர் பெயின்ட் விலையை விசாரித்தார். பாதிச் செலவைக் குடியிருப்பவர் ஏற்றால் தை மாதம் பார்க்கலாம் என்றார். மெக்கானிக் அங்கேயே மாடியை அளந்து, எத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, தாளை இருவரிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு வந்தார்.